பதினான்காம் எண் வில்லை

மே மாதம் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை, காலை மணி ஐந்து நாற்பது. வானத்தில் மேகம் இல்லை. மரங்களில் அசைவு இல்லை. இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற காரின் கூரைகூடச் சூடு தணியாமல் இருந்தது. ஐந்தே முக்காலுக்குப் புறப்பாடு என்று அறிவித்திருந்த என் அண்ணன், ஐந்தரைக்கே வண்டியை ஓடவிட்டுவிட்டுத் தெருவில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர் அவன். எந்த வண்டி எத்தனை நிமிடம் பிந்தியது என்று எழுதுவதே வேலை; அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவான்.

"மகாராணிக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு," என்றான் என்னைப் பார்த்து. "பல் தேய்ச்சியா? பல் கடைக்காரி பல் தேய்க்காம வந்தான்னு வெளிய தெரிஞ்சா அசிங்கம்."

"தேய்ச்சாச்சு. நீ ஷேவ் பண்ணியா?"

"ஆபீசருக்கு மாப்பிள்ளையாவா போறேன்?"

பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் எனக்கு வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் மெழுகு வார்த்து, பல் வரிசை அடுக்கி, ஈறு நிறத்தில் தட்டு செய்து மெருகேற்றி அனுப்புவோம். பதினாறு ஆண்டுகளாகச் செய்கிறேன். அண்ணன் இதைப் பல் கடை என்பான்.

அண்ணி ரொட்டிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். சென்ற கோடையில் அது அப்பாவின் இடம். அப்போது நால்வராக, மூன்று நாள் விடுமுறைக்கு, இதே காரில், இதே மலைக்கு, இதே வனவிடுதிக்குப் போனோம். இரண்டாம் நாள் மூவராகத் திரும்பினோம். அப்பா பின்னால் வேறு வண்டியில் வந்தார்.

இப்போது வன அலுவலகத்தின் கடிதம் எங்களை அழைத்திருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு விடுதியில் நேரடி விசாரணை. சாட்சிகள் மூவரும் வர வேண்டும். விசாரிக்கும் அதிகாரி அன்றே ஆணை பிறப்பிப்பார். குற்றம் உறுதியானால், ஓராண்டாக இடைநீக்கத்தில் இருக்கும் விடுதிக் காவலர் வேலையிலிருந்து நீக்கப்படுவார். முப்பது நாளில் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும். குற்றம் இதுதான்: பலகையைச் சரியாகப் பார்க்கவில்லை.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதியின் முன்னறைச் சுவரில் இருபது கொக்கிகள் அடித்த ஒரு மரப்பலகை இருக்கும். ஒவ்வொரு கொக்கியிலும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று. காட்டுப் பாதையில் நடக்கப் போகிறவர் தம் வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பியதும் தம் கையாலேயே மாட்ட வேண்டும். மாலை ஐந்தரைக்குக் காவலர் பலகையைப் பார்ப்பார். ஒரு கொக்கி வெறுமையாக இருந்தாலும் கையால் சுழற்றும் அபாயச் சங்கை ஒலிக்கவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஆட்களைத் திரட்டித் தேடப் போவார். சென்ற ஆண்டு மே ஒன்பதாம் தேதி மாலை ஐந்தரைக்குப் பலகையில் வெறுமையான கொக்கி ஒன்றுகூட இல்லை. அப்பா அப்போது காட்டில் இருந்தார்.

ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியபோது அம்மாவின் அழைப்பு வந்தது. அண்ணன் ஒலிபெருக்கியில் போட்டான்.

"எங்கடா இருக்கீங்க?"

"இப்பதாம்மா டோல்கேட் தாண்டினோம்."

"அந்த ஆள விட்றாதீங்க. கேட்டுச்சா? கையக் காலப் புடிச்சுக் கும்பிடுவான், அழுவான். மனசு இளகிடாத. உங்கப்பாவ ஒரு ராத்திரி முழுக்கக் காட்டுல போட்டவன் அவன்."

"சரிம்மா."

"உன் தங்கச்சிகிட்ட சொல்லு. அவதான் சட்டுனு இளகுவா."

"அவ பின்னாடிதான் இருக்கா, கேட்டுக்கிட்டுதான் இருக்கா."

"கேக்கட்டும்," என்றாள் அம்மா. வைத்துவிட்டாள்.

அண்ணி ஓர் ஆரஞ்சை உரித்து, பாதியை அண்ணன் கையில் வைத்தாள். மீதியைப் பின்னால் நீட்டினாள்.

"அத்தைக்கு நம்ம மூணு பேருல யார் மேலயும் நம்பிக்கை இல்ல," என்றாள். "புத்திசாலி."

நடந்தது எங்கள் மூவருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் எல்லோருடைய பயணச்சீட்டும் அண்ணன் கையில்தான் இருக்கும். ரயிலானாலும் சர்க்கஸ் கொட்டகையானாலும் பதினைந்து வயதிலிருந்து அப்படித்தான். அப்பா எதையும் தொலைப்பார். குடை, கண்ணாடி, ஒரு முறை ஒரு காலணி. ஆகவே அண்ணன் எல்லாவற்றையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். அப்பா அவனைக் கண்டக்டர் என்றே கூப்பிடுவார். அன்று பிற்பகல் நடக்கக் கிளம்பும்போது, "அவரவர் டோக்கன் அவரவர்கிட்ட இருக்கணும் சார்," என்று காவலர் சொன்னார். அண்ணன் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். பாதை திரும்பியதும் கையை நீட்டினான். "குடுங்க, குடுங்க. தொலைச்சிட்டு நிக்காதீங்க." நான் கொடுத்தேன். அண்ணி கொடுத்தாள். அப்பா பதினான்காம் எண்ணை அவன் உள்ளங்கையில் வைத்து, "இந்தாங்க கண்டக்டர், முதியவர் ஒண்ணு, சில்லறை இல்ல," என்றார்.

அப்பா நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பாதையையும் தப்படி எண்ணாமல் நடக்க அவரால் முடியாது. திரும்பும் வழியில், "நீங்க போங்க, நான் எண்ணிக்கிட்டே வரேன், பேசினா கணக்கு விட்டுப் போவுது," என்றார். விட்டுவிட்டு வந்தோம். அவர் அறைக்குப் பின்பக்கமாகவே ஏறிவர ஒரு வழி உண்டு. நடந்துவிட்டு வந்தால் சற்றுப் படுப்பார். அப்படி வந்து படுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். முன்னறைக்கு வந்ததும் அண்ணன் நான்கு வில்லைகளையும் எண் வரிசைப்படி மாட்டினான். அதை நானும் அண்ணியும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தரைக்குக் காவலர் வந்து பலகையைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார்.

"எல்லாரும் வந்தாச்சா சார்?"

"வந்தாச்சு, வந்தாச்சு," என்றான் அண்ணன். சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்குச் சாப்பிட எழுப்பப் போனபோது அப்பாவின் கட்டில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. சங்கு அதன் பிறகுதான் ஒலித்தது. மழை பிடித்துக்கொண்டதால் விளக்குகள் பத்தடிக்கு மேல் காட்டவில்லை. மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு, விடுதியிலிருந்து முந்நூறு மீட்டர் தொலைவில், ஓடைப் பள்ளத்தில் அவர் உடலைக் கண்டுபிடித்தார்கள்.

அன்று மதியமே வாக்குமூலம் எழுதச் சொன்னார்கள். அம்மாவுக்கு அப்போதுதான் செய்தி போயிருந்தது. அண்ணன் எழுதினான்: அவரவர் வில்லையை அவரவர் மாட்டினோம், அப்பாவின் வில்லையை மாட்டியது யார் என்று தெரியாது, காவலர் எதுவும் கேட்கவில்லை. மூவரும் கையெழுத்திட்டோம். என் கை நடுங்கவில்லை. அதை இன்றுவரை மறக்கவில்லை.

சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. அண்ணன் கையைப் பின்னால் நீட்டினான். "அடையாள அட்டை."

"நானே காட்டிக்கிறேன்."

"எதுக்கு மூணு பேரும் எறங்கி? குடு."

கொடுத்தேன். மூன்றையும் சேர்த்துக் காட்டி, மூன்றையும் தன் பையில் போட்டுக்கொண்டான்.

மலைச்சாலையில் வளைவுக்கு வளைவு காது அடைத்தது. கீழே வெயில் வெளுத்துக் கிடக்க, மேலே மரநிழல் சாலையைக் கறுப்பாக்கியது. எட்டாம் வளைவில் அண்ணன் பேசத் தொடங்கினான்.

"புதுசா எதுவும் வேணாம். போன வருஷம் எழுதினது அப்படியே."

"அந்த ஆளுக்கு வேலை போயிடும்," என்றேன்.

"அவங்க டிபார்ட்மெண்ட்டே வேற எங்கயாச்சும் போட்டுக்கும்."

"நீக்கம்னு எழுதியிருக்கு. நீதான லெட்டர சத்தமா படிச்ச?"

"இத பாரு. சங்கு அஞ்சரைக்கு அடிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. டாக்டரே எழுதிட்டாரு. விழுந்த உடனே நெனவு போயிடுச்சு. அப்பாவுக்கு ஒரு வலியும் தெரியல. யார் மாட்டினா என்ன, மாட்டாட்டி என்ன? அம்மாகிட்ட போய், உன் பிள்ளைதான் மாட்டினான்னு சொல்லி எதச் சாதிக்கப் போற?"

மருத்துவர் எழுதியது, "விழுந்தவுடன் நினைவு இழந்திருக்கக்கூடும்." அறிக்கையின் நகலை அண்ணன் எப்போதும் ஒரு கோப்பில் வைத்திருப்பான். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது 'இருக்கக்கூடும்' என்ற கடைசிப் பகுதியை விட்டு, 'நினைவு இழந்தார்' என்று முடித்துவிடுவான். நானும் திருத்தியதில்லை. அந்த ஒரு வரியை வைத்துத்தான் எங்கள் வீட்டில் ஓராண்டாக எல்லோரும் தூங்கினோம்.

"என்னங்க," என்றாள் அண்ணி, "ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

ஒன்று ஐம்பதுக்கு விடுதியை அடைந்தோம். விருந்தினர் யாரும் இல்லை. எங்கள் விசாரணைக்காக அடைத்துவைத்திருந்தார்கள். ஓட்டுக்கூரையில் சருகு சேர்ந்திருந்தது. முன்னறையில் பிரம்பு நாற்காலிகளை ஓரம் தள்ளிவிட்டு, நடுவில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். பலகை அதே சுவரில் இருந்தது. இருபது வில்லைகளும் தொங்கின.

அதிகாரி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. மின்சாரம் இல்லாததால் நான்கு தாள்களுக்கிடையே கார்பன் வைத்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். எங்களுக்கு வணக்கம் சொல்லி, தண்ணீர் வைக்கச் செய்து, "உங்களுக்கு இந்த எடத்துக்கு வர்றது கஷ்டம்தான். வேற வழி இல்ல," என்றார். அதற்கு மேல் அனுதாபம் காட்டவில்லை.

காவலர் கதவோரம் நின்றிருந்தார். ஓராண்டில் இளைத்திருந்தார். சீருடை அணிய அனுமதி இல்லை. வெள்ளைச் சட்டையை இடுப்பில் செருகியிருந்தார். கையில் குடியிருப்பின் சாவி. கேட்டதும் கொடுப்பதற்காக எடுத்துவந்திருக்க வேண்டும். அழவில்லை. யாரையும் கும்பிடவில்லை.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு, மேடம்," என்றார். "இவங்க பொருள் ஒண்ணு என்கிட்ட இருக்கு. இவங்க வீட்டாளுங்களப் பாக்கக் கூடாதுன்னு உத்தரவு. அதனால குடுக்க முடியல. உங்க முன்னால குடுத்துடறேன்."

பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சோப்பு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். அதிகாரி திறந்தார். உள்ளே நான்காக மடித்த ஒரு கைக்குட்டை. அதற்குள் மேல் வரிசைப் பல் செட், அப்பாவுக்கு நான் செய்து கொடுத்தது.

என் வேலையை எனக்குத் தெரியும். இடப்பக்கக் கோரைப்பல்லைச் சற்றே திருப்பி வைத்திருந்தேன். இல்லாவிட்டால் சிரிப்பு அப்பாவினுடையதாக இருக்காது என்று.

"எங்க இருந்துது?" என்றார் அதிகாரி.

"அந்தப் பள்ளத்துலதான் மேடம். சஸ்பெண்டு ஆனதுக்கப்புறம் எனக்கும் வேலை இல்ல, தெனம் போய்ப் பாப்பேன். எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரியணும் இல்லயா. அவரு கெடந்த எடத்துக்குக் கையெட்டுற தூரம். கல்லு இடுக்குல, தண்ணி படாத எடத்துல. கீழ விழுந்தது மாதிரி இல்ல மேடம். வச்சது மாதிரி இருந்துது. கைக்குட்டையில மடிச்சு."

"விழும்போது தெறிச்சிருக்கும்," என்றான் அண்ணன்.

"தெறிச்சது கைக்குட்டையில மடிஞ்சுக்குமா சார்?" காவலர் கேட்டதில் எகத்தாளம் இல்லை. உண்மையாகவே யோசித்துக் கேட்டார்.

செட்டைக் கையில் எடுத்தேன். எங்கும் விரிசல் இல்லை. தட்டின் உட்புறத்தை விரலால் தடவினேன். ஈறு சுருங்கச் சுருங்க மேல் செட் தளரும். உள்ளே புதுப் பூச்சுக் கொடுக்க வேண்டும். அந்தப் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பு அப்பா என் கூடத்துக்கு வந்து, உரக்கப் பேசினால் செட் நழுவிவிடுகிறது என்றார். கையில் வேலை நிறைய இருந்தது. மலைக்குப் போய்விட்டு வந்து பார்க்கலாம் என்றேன். வேடிக்கையாக இன்னொன்றும் சொன்னேன்.

"கத்தறதுக்காகக் கழட்டியிருக்காரு," என்றேன்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார்.

"இத மாட்டிக்கிட்டு அவரால கத்த முடியாது. வாயத் திறந்தா விழுந்துடும். கத்தணும்னா கழட்டி வச்சிட்டுக் கத்துங்கன்னு நான்தான் சொன்னேன். தொலைக்காம கைக்குட்டையில சுத்தி வைங்கன்னும் சொன்னேன்."

அப்பா வாழ்நாளில் பத்திரமாக வைத்த ஒரே பொருள் அதுவாக இருக்கலாம்.

அண்ணன் கோப்பைத் திறந்தான். மருத்துவ அறிக்கையை எடுத்து, அந்த வரியின் மேல் விரல் வைத்து, முழுவதுமாக வாசித்தான். இம்முறை கடைசிப் பகுதியை விடவில்லை. பிறகு காவலரைப் பார்த்து, "அன்னிக்கு அவரு கத்தினது உங்களுக்குக் கேட்டுதா?" என்றான்.

"இல்ல சார். அஞ்சரைக்கு ஜெனரேட்டர் போட்டுட்டேன். அது ஓடினா பக்கத்து ரூம்ல பேசறதே கேக்காது. சங்கு அடிக்கற நாள்ல அத நிறுத்திடுவோம், யாராச்சும் கூப்பிட்டா கேக்கணும்னுதான்."

மேசைமேல் அண்ணனின் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் 'அம்மா' என்று வந்தது. அது அதிர்ந்தபடியே மேசை விளிம்பு வரை நகர்ந்து, நின்றது. யாரும் எடுக்கவில்லை.

"உங்க வாக்குமூலத்துல மாற்றம் எதுவும் உண்டா?" என்றார் அதிகாரி. எங்கள் மூவருக்கும் பொதுவாகத்தான் கேட்டார்.

"உண்டு," என்றேன். "என் டோக்கன நான் மாட்டல."

"யார் மாட்டினது?"

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணி தன் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுந்தான். பலகை அருகே போய், பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என்று ஒவ்வொரு வில்லையாகத் தொட்டான்.

"நான்தான்," என்றான். "நாலையும். அவரு கேட்டாரு, எல்லாரும் வந்தாச்சான்னு. வந்தாச்சுன்னு நான்தான் சொன்னேன்."

அதிகாரி வியப்புக் காட்டவில்லை. "மெதுவா சொல்லுங்க. எழுதிக்கறேன்," என்றார்.

அவன் சொன்னான். பயணச்சீட்டுகளிலிருந்து தொடங்கிச் சொன்னான். எழுதி முடித்து அவர் வாசித்துக் காட்டியபோது ஓரிடத்தில் நிறுத்தினான். "வில்லைய மாட்டினது அஞ்சு இருபது இல்ல மேடம். அஞ்சு இருபத்திரண்டு." திருத்தினார். கையெழுத்துப் போட்டு, பணிமனையில் செய்வதுபோலப் பக்கத்தில் நேரத்தையும் எழுதினான்: மூன்று பதினேழு. நான் போட்டேன். அண்ணி பேனாவை வாங்கி, போடாமல் வைத்திருந்தாள்.

"அத்தைகிட்ட யாருங்க சொல்றது?"

"நானே சொல்லிக்கறேன்."

"சொல்லிட்டு அப்புறம் அந்த வீட்டுல இருக்க முடியுமா?"

"தெரியல."

அண்ணி கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி காவலரைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"தலைய எண்ணியிருக்கணும் மேடம். டோக்கன மட்டும் எண்ணிட்டேன்."

"தலைய எண்ணணும்னு விதியில இல்ல."

"இல்லதான்," என்றார் காவலர். "ஆனா எண்ணியிருக்கணும்."

ஆணையை எழுத இருபது நிமிடம் ஆனது. வெளியே ஒரு காற்று வந்து கூரைச் சருகுகளை இழுத்துக்கொண்டு போனது. அதிகாரி கார்பன்களை உருவி, நான்கு படிகளிலும் கையெழுத்திட்டு முத்திரை வைத்து, ஒன்றைத் தன் கோப்பில் செருகினார். பிறகு உரக்க வாசித்தார்: காவலர் மீதான குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது, இடைநீக்கக் காலம் பணிக்காலமாகக் கொள்ளப்படும், முந்தைய வாக்குமூலம் பொய்யானது என்று சாட்சிகளே ஒப்புக்கொண்டதால், புதிய வாக்குமூலமும் கிடைத்த பொருளும் மேல் நடவடிக்கைக்காகக் காவல் நிலையத்துக்கு அனுப்பப்படும், அழைக்கும்போது மூவரும் வர வேண்டும்.

"எடுத்துட்டுப் போகலாமா இத?" என்று செட்டைக் காட்டி அண்ணி கேட்டாள்.

"இப்ப முடியாதும்மா. அவங்க பாத்ததுக்கப்புறம்தான்."

கைக்குட்டையை முன்பு மடிந்திருந்தபடியே மடித்து, டப்பாவை மூடினேன்.

"ஒரு படி காவலருக்கு, உங்களுக்கு ஒண்ணு, உங்க தங்கச்சிக்கு ஒண்ணு," என்று அதிகாரி மற்ற மூன்று தாள்களையும் மேசையில் வைத்தார்.

அண்ணனின் கை தானாக நீண்டது. மூன்றையும் சேர்த்து எடுத்து, ஓரம் தட்டிச் சமன்செய்து, நீளவாட்டில் மடித்துச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனான். பையின் விளிம்பில் கை நின்றது. அறையில் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மடிப்பைப் பிரித்தான். மேல் தாளை எடுத்தான். கதவோரம் வரை நடந்துபோய், பெயர் சரியா என்று ஒரு முறை பார்த்து, காவலரின் கையில் கொடுத்தான்.